படி மிதிக்காத தம்பி

எங்க வீட்டுத் தம்பி அடுப்படிப் பின்வாசல் வரைக்கும் வரும். துவைகல்லுக்குப் பக்கத்தில் நிற்கும். அதற்கு மேல் ஒரு எட்டு எடுத்து வைக்காது. "அக்கா" என்று ஒரு குரல் கொடுக்கும், அவ்வளவுதான். நான் கையைத் துடைத்துக்கொண்டு போவதற்குள் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, மேலே ஓட்டுக் கூரையைப் பார்த்தபடி நிற்கும். கதவு திறந்துதான் கிடக்கும். உள்ளே அடுப்பு தெரியும். அதற்கு அந்தப் பக்கம் கூடத்தில் ஐயா நாற்காலியில் உட்கார்ந்திருப்பது தெரியும். தெரிந்தாலும் தம்பி பார்க்காது.

எங்க வீடு என்று சொல்லிவிட்டேன். என் வீடு இல்லை, நான் சமைக்கிற வீடு. அனுமந்தன்பட்டியில் ஊர் முடிகிற இடத்தில், திராட்சைப் பந்தலை ஒட்டி இருக்கிறது. ஐயா வாத்தியாராக இருந்து ஓய்வு வாங்கினவுக. தம்பி அவுகளுக்கு ஒரே மகன். அது பிறந்த வருஷம் நான் அங்கன வேலைக்குச் சேர்ந்தேன். அதனால் கடைசி வரைக்கும் என்னை அக்கா என்றுதான் கூப்பிட்டது, என் தலை நரைத்து, அதன் தலையும் நரைக்கத் தொடங்கின பிறகும்கூட.

மேற்கே மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவில் மழை இறங்கினால் இங்கன எங்களுக்குச் சாரல். விட்டு விட்டு நாள் கணக்கில் நசநசவென்று பெய்யும். அப்போதும் தம்பி சாக்கை மடித்துத் தலைக்குக் கொங்காணி போட்டுக்கொண்டு துவைகல் பக்கத்தில்தான் நிற்கும். "உள்ள வாய்யா, நனையாத" என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன்.

"உள்ள வந்துதான் சொல்லணும்னு யாருக்கா சொன்னது? இங்கன இருந்தே சொல்றேன், நீங்க கொண்டு போங்க" என்றது.

இதுதான் தம்பியின் பேச்சு. எதற்கும் இதையே சொல்லும். உள்ள போய்த்தான் செய்யணும்னு யாரு சொன்னது.

படி மிதிக்காததற்குக் காரணம் ஊருக்கே தெரியும். அம்மா, ஐயாவின் வீட்டம்மா, வெகு காலம் பிள்ளை இல்லாமல் இருந்து, பிறந்தால் சாமிக்கே தருகிறேன் என்று நேர்ந்து பெற்ற பிள்ளை. பள்ளிக்கூடம் முடித்ததும் மாதா கோயில் சாமியார் படிப்புக்குக் குருமடத்தில் கொண்டுபோய் விட்டாக. ஊரே கூடி, மாலை போட்டு அனுப்பியது. படிப்பு முடிகிற சமயத்தில் தம்பி பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்து நின்றது. "எனக்கு அந்த அழைப்பு இல்லப்பா" என்று மட்டும் சொன்னது. ஐயா முன்வாசலில் நின்றபடியே சொன்னாக: "சாமியாரா வந்தா உள்ள வா. இல்லாட்டி நான் கூப்பிடாம இந்தப் படியை மிதிக்காத."

கோபத்தில் எந்த அப்பனும் சொல்கிற சொல்தான். வேறு பிள்ளையாக இருந்தால் சாயங்காலமே அம்மா முந்தானையைப் பிடித்துக்கொண்டு பின்வாசல் வழியாக உள்ளே போயிருக்கும். ஐயாவும் பார்க்காத மாதிரி இருந்திருப்பாக. இந்தப் பிள்ளை அந்தச் சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டது. சண்டை போடவில்லை. வெளியூர் போய்க் கம்ப்யூட்டர் படித்தது. பெங்களூரில் வேலை பார்த்தது. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று கேள்விப்பட்டதும் திரும்பி வந்து, பந்தலுக்குள் இருந்த மருந்தறையைக் கழுவிக் கட்டில் போட்டுக்கொண்டது. திராட்சைக்கு அடிக்கிற மருந்து வைக்கிற அறை அது. மயில்துத்தம் கரைத்துக் கரைத்துச் சுவரெல்லாம் நீலம் ஏறியிருக்கும். எத்தனை தடவை வெள்ளையடித்தாலும் நீலம் மேலே வந்துவிடும். அந்த நீலச் சுவருக்குள் உட்கார்ந்துதான் வெளிநாட்டுக் கம்பெனிக்கு வேலை செய்தது.

அம்மா நடமாட்டமாக இருந்தவரைக்கும் அங்கன போய் மகனோடு சாப்பிட்டுவிட்டு வருவாக. படுக்கையில் விழுந்த பிறகு அது முடியவில்லை. தம்பி என்னிடம் சொல்லி அம்மா கட்டிலைப் பந்தல் பக்கத்து ஜன்னல் ஓரமாக நகர்த்த வைத்தது. வெளியே கல்லை அடுக்கி, அதில் ஏறி நின்று, கம்பிக்குள் கையை விட்டுக் கரண்டியால் கஞ்சி ஊட்டியது. அம்மா அழுதுகொண்டே வாயைத் திறப்பாக. பாதிக் கஞ்சி கம்பியில் சிந்தும். நான் உள்ளே நின்று துடைப்பேன். கூடத்தில் ஐயா செபப் புத்தகத்தை விரித்து வைத்து, பக்கத்தைத் திருப்பாமல் உட்கார்ந்திருப்பாக.

"ஏத்தா, கஞ்சி குடிச்சாளா?"

"குடிச்சாகய்யா."

"எவ்வளவு?"

பார்த்துக்கொண்டிருந்ததைத்தான் கேட்பாக. நானும் பார்க்காதவுகளுக்குச் சொல்கிற மாதிரிச் சொல்வேன்.

அம்மா உயிர் போன காலையிலும் தம்பி அந்த ஜன்னலில்தான் நின்றது. சவப்பெட்டி வீட்டை விட்டுத் தெருவுக்கு வந்த பிறகு போய்த் தோள் கொடுத்தது. அதற்குப் பிறகு ஐயா உள்ளே, தம்பி வெளியே, நடுவில் நான்.

எனக்கு இயல்பிலேயே பேச்சு கிடையாது. நாலு பேர் இருக்கிற இடத்தில் நாக்கு எழும்பாது. ஆனால் இந்த வேலைக்கு என் பேச்சு தேவைப்படவில்லை. மோட்டார் ஏன் ஓடவில்லை என்று ஐயா கேட்பாக. நான் மருந்தறைக்குப் போய்க் கேட்பேன். கரண்ட் மத்தியானம்தான் வருமாம் என்று தம்பி சொல்லும். வந்து சொல்வேன். ஐயாவுக்கு இருமல் எப்படி இருக்கிறது என்று தம்பி கேட்கும். போய்க் கேட்டு வந்து சொல்வேன். ஒரு சொல்லைக் கூட்டியதும் இல்லை, குறைத்ததும் இல்லை. ஐயா கடுமையாகச் சொன்னால் அந்தக் கடுமையோடுதான் கொண்டுபோய்க் கொடுப்பேன். அதனாலேயே இரண்டு பேரும் என்னை நம்பினாக. போகப் போக நேரில் பேச வேண்டிய தேவையே அவுகளுக்கு இல்லாமல் போயிற்று.

மருந்தறையில் மேசை முழுக்கக் கம்ப்யூட்டராக இருக்கும். சாப்பாடு கொண்டு போகையில் ஒருநாள், "ஒரு ஆளுக்கு எதுக்குய்யா இத்தனை?" என்றேன்.

"எல்லாம் ஒரே வம்சந்தான்க்கா. கம்ப்யூட்டரை நடத்துற புரோகிராம்ல யூனிக்ஸ்னு ஒரு மூல வீடு. அதுல இருந்து பிரிஞ்சு போன பங்காளிக. ஆனா ஒவ்வொரு வீட்லயும் வாசல் வேற மாதிரி. என் வேலையே வாசல்லதான்."

சாப்பிட்டுக்கொண்டே சொன்னது. "உள்ள கெர்னல்னு ஒண்ணு இருக்கு. நம்ம ஐயா மாதிரி. எல்லாம் அவரு கைக்குள்ளதான். எந்த ஃபைல் எங்க இருக்கு, யாரு தொடலாம், யாரு தொடக்கூடாது, எல்லாத்துக்கும் அவரு பேச்சுதான். அங்கன உள்ள போயி நம்ம ஒரு தப்புப் பண்ணினா மொத்த வீடும் விழுந்துரும். அதனால என் புரோகிராம் வெளியவே உட்கார்ந்துக்கிரும். உள்ள ஒருத்தன் ஒரு ஃபைலைக் கேப்பான். கெர்னலுக்கு அது எங்க இருக்குன்னு தெரியாது. வாசல்ல சொல்லிவிடும். வெளிய இருக்கிற என் புரோகிராம் அது அமெரிக்காவுல கிடந்தாலும் எடுத்தாந்து வாசல்ல குடுக்கும். கெர்னல் வாங்கி, கேட்டவன்கிட்டக் குடுக்கும். கேட்டவன் அது வீட்டுக்குள்ளயே இருந்துச்சுன்னு நெனச்சுக்குவான்."

நான் இன்னொரு கரண்டி சோறு வைத்தேன்.

"வெளங்கலையா? ஐயா கேக்குறாக, நீங்க வர்றீக, நான் சொல்றேன், நீங்க போறீக. நீங்கதான்க்கா அந்த வாசல். அதுக்குப் பேரு ஃப்யூஸ். கரண்ட் ஃப்யூஸ் இல்ல, இது வேற."

எனக்கு வெட்கமாகப் போயிற்று. தட்டை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு எப்போதாவது மனசு நன்றாக இருந்தால் ஒவ்வொரு மெஷினாகக் காட்டிச் சொல்லும். லினக்ஸ் என்கிற வீட்டில் அந்த வாசலைக் கட்டும்போதே வைத்துவிட்டார்களாம். சாதாரண ஆளே வந்து திறந்துகொள்ளலாம். திறந்தவன் சம்மதிக்காமல் வேறு யாரும், வீட்டுக்காரனே வந்தாலும், எட்டிப் பார்க்க முடியாதாம். பிஎஸ்டி என்று மூன்று பங்காளி வீடு. ஒன்றில் வாசல் உண்டு, சாதாரண ஆள் திறக்கலாம் என்று வீட்டுக்காரன் முதலில் ஒரு தடவை வாயால் சொல்லிவிட வேண்டும். இன்னொன்றில் வீட்டுக்காரன் மட்டும்தான் திறக்கலாம். மூன்றாவது வீட்டுக்காரன் வீம்புக்காரன். தனக்கென்று வேறு மாதிரி வாசல் செய்துகொண்டு, வருகிறவர்களுக்குப் பழகின வாசல் மாதிரித் தெரியட்டும் என்று மேலே ஒரு முகப்பு ஒட்டியிருக்கிறானாம்.

கடித்த பழம் படம் போட்ட மெஷினைக் காட்டும்போது மட்டும் தம்பி முகம் சுருங்கும். "இதுல ரொம்ப நாளா அந்த வாசலே கெடையாது. வெளியாளு ஒருத்தர் செஞ்சதைக் கொண்டாந்து மாட்டணும். மாட்டுறதுக்குச் சம்மதம் கேக்கணும். காவலைத் தளர்த்தணும். மெஷினை நிறுத்தி எழுப்பணும். அடுத்த வருஷம் பூட்டை மாத்திருவாக."

"அப்ப என்னய்யா செய்வ?"

"தபால்காரன் மாதிரிப் போக வேண்டியதுதான். நெட்வொர்க் வழியா வர்றதை எல்லா வீட்லயும் வாங்குவாக. அதுக்குத் தனி வாசல் எப்பவும் இருக்கும். அதனால இதே மெஷினுக்குள்ள உட்கார்ந்துக்கிட்டு, வெளியூர்ல இருந்து வர்ற மாதிரி அனுப்பிவிடுறது. சுத்துத்தான். ஆனா போய்ச் சேரும்."

அந்த வருஷம் மார்கழியில் குளிர் கடுமையாக இருந்தது. ஐயா கூடத்தில் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறதை நான் போய்ச் சொன்னேன். தம்பி ஒரு கம்பளிச் சட்டை வாங்கி வந்து என்னிடம் கொடுத்தது. கொண்டு போனேன். ஐயா கையில்கூட வாங்கவில்லை. "அவன் குடுத்து நான் போடணும்னு இல்ல. கொண்டு போ."

தம்பி கோபப்படவில்லை. சட்டையைப் பொட்டலம் கட்டி, மேலே ஐயா பேரையும் வீட்டு விலாசத்தையும் எழுதி, அனுப்புகிறவர் என்ற இடத்தில் தன் பேரையும் அதே விலாசத்தையும் எழுதிப் பாளையம் தபாலாபீசில் போய்ப் போட்டுவிட்டு வந்தது. பாளையம் என்று நாங்கள் உத்தமபாளையத்தைத்தான் சொல்வோம். அந்தப் பொட்டலம் தேனி வரைக்கும் போய், அங்கன இருந்து திரும்பி, ஒருநாள் காலையில் தபால்காரர் கையில் முன்வாசலுக்கு வந்தது. பந்தலுக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரு முற்றம்தான் இருக்கிறது. அதைத் தாண்ட இவ்வளவு தூரம் போய்விட்டு வந்தது.

தபால்காரர் இரண்டு விலாசத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "என்னய்யா, அனுப்பினதும் இங்கன, வாங்குறதும் இங்கன?"

"தபால்ல வந்தா வாங்கித்தான ஆகணும்" என்று ஐயா கையெழுத்துப் போட்டாக.

அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டாக. நான் ஓடிப் போய்ச் சொன்னேன். தம்பி கம்ப்யூட்டரில் இருந்து முகத்தைத் திருப்பாமலே, "கை நீளம் சரியா இருக்கா?" என்று கேட்டது.

போய்க் கேட்டேன். ஐயா கையை நீட்டிப் பார்த்து, "கொஞ்சம் நீளந்தான். மடிச்சு விட்டுக்கிட்டேன்னு சொல்லு" என்றாக.

பாளையத்தில் தம்பிக்கு ஒரு கூட்டாளி இருந்தார். கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிற பாய். குருமடத்தை விட்டு வந்தபோது ஊரில் யாரும் முகம் கொடுத்துப் பேசாத காலத்தில் இவர்தான் கடையில் உட்கார்த்தி டீ வாங்கிக் கொடுத்தாராம். பந்தலுக்கு வந்தால் சத்தமாகத்தான் பேசுவார், ஐயா காதில் விழட்டும் என்றே.

"மாப்ள, ஊரு ஒலகத்துல இருக்கிற மெஷினுக்கெல்லாம் வாசல் செய்ற. உங்கப்பன் வீட்டுக்கு ஆசாரி செஞ்ச வாசலே இருக்கு. கதவுகூடச் சாத்தலை. எந்திரிச்சுப் போயேன்."

"தெறந்து கெடக்கிறது வேற பாய், வான்னு சொல்றது வேற. பெர்மிஷன் இல்லாம உள்ள போறவனுக்கு வேற பேரு."

"பெத்த அப்பன்கிட்ட என்னலே பெர்மிஷன்?"

"அவருதான சொன்னாரு, கூப்பிடாம மிதிக்காதன்னு."

"சொல்லி எத்தனை காலமாச்சு. அவரு அதை மறந்துருப்பாரு."

"நான் மறக்கலையே."

பாய் என்னைப் பார்த்து, "ஆத்தா, இவன் சாமியாராப் போகாததுல கர்த்தருக்கு நஷ்டமே இல்ல. பாவமன்னிப்புக் கேட்டு வந்தவனை எல்லாம் விதிமுறை சொல்லித் திருப்பி அனுப்பியிருப்பான்" என்றார். தம்பி அதற்கும் சிரித்தது. ஆனால் அசையவில்லை.

பென்சன் வாங்குகிறவுக உயிரோடு இருக்காக என்று வருஷத்துக்கு ஒரு தடவை காட்ட வேண்டும். முன்னாலெல்லாம் ஐயா ஆபீசுக்குப் போய் வருவாக. முட்டி வலி வந்த பிறகு, போனிலேயே முகத்தைக் காட்டினால் போதும் என்று ஆகிவிட்டது. தம்பி தன் போனில் எல்லாவற்றையும் தட்டி வைத்து என் கையில் கொடுத்தது. "முகம் முழுசும் வட்டத்துக்குள்ள வரணும்க்கா. கண்ணைச் சிமிட்டச் சொல்லுங்க" என்றது. நான் உள்ளே போய் ஐயா முகத்துக்கு நேரே பிடித்தேன். வட்டத்துக்குள் காதுதான் வந்தது.

"நேராப் பிடி ஆத்தா. அவன் என் காதைப் பார்த்து என்ன செய்யப் போறான்?"

"கண்ணைச் சிமிட்டச் சொல்லுச்சுய்யா."

"சிமிட்டிட்டேன்னு சொல்லு."

போனைத் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். தம்பி வேலையை முடித்துவிட்டு, அந்தப் படத்தை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு பார்த்தது. அப்பா முகத்தை அவ்வளவு பக்கத்தில் பார்த்து எவ்வளவு காலமாயிற்றோ. பூசைக்குப் போனாலும் ஐயா முன்வரிசை, தம்பி கடைசித் தூணுக்குப் பக்கத்தில்.

"மெலிஞ்சுட்டாரேக்கா" என்றது.

நான் உள்ளே வந்ததும் ஐயா கேட்டாக: "என்னைப் பார்த்தானா?"

"பார்த்துச்சுய்யா."

"என்ன சொன்னான்?"

மெலிஞ்சுட்டாரே என்று சொன்னதை அப்படியே சொன்னேன். ஐயா கம்பளிச் சட்டையின் மடித்த கையை அவிழ்த்து, மறுபடி மடித்தாக.

ஒருநாள் சாப்பாடு வைத்துவிட்டு நானாக ஒன்று கேட்டேன். "அந்தக் கெர்னலுக்கு வெளிய இருக்கிற உன் ஆளுக்கு ஏதாச்சும் ஆயிட்டா?"

"வீடு விழாது. அதுக்குத்தான வெளிய இருக்கிறது. உள்ள இருக்கிறவன் விழுந்தா எல்லாத்தையும் இழுத்துக்கிட்டு விழுவான். நாங்க விழுந்தா நாங்க மட்டுந்தான்."

"அப்ப கேட்டவன்?"

தம்பி எடுத்த கவளத்தைத் தட்டிலேயே வைத்தது. "செத்துட்டோம்னா பிரச்சினை இல்லக்கா. கெர்னலுக்குத் தெரிஞ்சுரும். 'அங்கன ஆளில்லை'ன்னு கேட்டவனுக்குப் பதில் போயிரும். அவன் எந்திரிச்சு வேற வேலையைப் பார்க்கப் போயிருவான். சாகாம, பதிலும் சொல்லாம அப்படியே நின்னு போனாத்தான் ஆபத்து. இங்கன பாருங்க."

எதையோ தட்டி அந்தப் புரோகிராமை அசையாமல் நிறுத்தியது. திரையில் இன்னொரு கட்டத்தில் ஒரு ஃபைலைக் கேட்டது. அந்தக் கட்டம் அப்படியே நின்றுவிட்டது. தம்பி என்ன தட்டினாலும் அது திரும்பவில்லை.

"இவன் இனிமே எதையும் செய்ய மாட்டான். எழுப்ப முடியாது. சில நேரம் கொல்லக்கூட முடியாது. கேட்டுட்டான் பாருங்க, பதில் வர்ற வரைக்கும் இப்படியேதான். வெளிய இருந்து ஒருத்தர் வந்து இந்தத் தொடர்பை அறுத்துவிட்டாத்தான் உண்டு. கெட்ட பதிலா இருந்தாலும் ஒரு பதிலு வேணும்க்கா."

பிறகு எதையோ செய்து அறுத்துவிட்டது. நின்றுபோன கட்டம் ஒரு வரியைக் காட்டிவிட்டு மறுபடி ஓடத் தொடங்கியது. என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். "ஆளில்லைன்னு" என்றது தம்பி, சோற்றைப் பிசைந்துகொண்டே.

அம்மாவின் நினைவு நாள் வந்தது. காலையில் பூசை. ஐயா முன்வரிசையில், தம்பி தூண் பக்கத்தில். பூசை முடிந்து வந்து ஐயா கூடத்தில் உட்காரவே இல்லை. அடுப்படிக்கு வந்து நின்றாக. அவுக அங்கன வருகிற பழக்கமே இல்லை.

"ஏத்தா, இன்னைக்கு ரெண்டு இலை போடு."

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"உள்ள வந்து சாப்பிடுவானான்னு நான் கேட்டேன்னு போய்க் கேட்டுட்டு வா."

முற்றத்தைத் தாண்டும்போது என் கால் தரையில் பாவவில்லை. மருந்தறை பூட்டியிருந்தது. தம்பி பூசை முடிந்து அப்படியே பைக்கில் பாளையத்துக்குப் போயிருந்தது; ஹார்ட் டிஸ்க் ஒன்று வாங்க வேண்டும் என்று முந்தின நாளே சொல்லியிருந்தது. திரும்பி வந்து சொன்னேன்.

"வந்ததும் கேளு. போன்ல கேக்காத. நேர்ல கேளு" என்றாக ஐயா.

இரண்டு இலையை எதிர் எதிராகப் போட்டு, தண்ணீர் தெளித்து வைத்தேன். ஐயா தன் இலைக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டாக. வெயில் ஏற ஏற இலை ஓரம் சுருண்டது. மறுபடி தண்ணீர் தெளித்தேன்.

"அக்கா" என்று குரல் கேட்கும் என்று பின்வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். துவைகல் பக்கத்தில் பாய் வந்து நின்றார். சட்டை முழுக்கத் தண்ணீர் சிந்தியிருந்தது.

"கடையில உட்கார்ந்து பேசிக்கிட்டிருந்தான் ஆத்தா. அந்தப் பழ மெஷின்ல மறுபடி பூட்டை மாத்திட்டாங்க பாய்னு சிரிச்சுக்கிட்டே சொன்னான். நெஞ்சைப் பிடிச்சான். தண்ணி கேட்டான். குடுக்கிறதுக்குள்ள சாஞ்சுட்டான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ள முடிஞ்சுபோச்சு."

சாயங்காலம் தம்பியைக் கொண்டுவந்தார்கள். சொந்தக்காரர்கள் முன்வாசல் வழியாகத் தூக்கிக்கொண்டு படியேறப் போனார்கள். ஐயா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாக.

"நில்லுங்க."

நின்றார்கள்.

"ஏத்தா, அவன்கிட்டக் கேட்டியா?"

அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். "கேக்கலய்யா. பார்க்க முடியலை" என்றேன்.

"வர்றேன்னு அவன் சொல்லலையே. அப்ப எப்படி உள்ள கொண்டு வர்றது?"

கூட்டத்தில் ஒரு பெரிய முணுமுணுப்பு. பங்குச் சாமியார் முன்னால் வந்து, "ஐயா, பிள்ளை போயிட்டான். இனி என்ன கேக்குறது? வழி விடுங்க" என்று பொறுமையாகச் சொன்னார்.

"சாமி, என் ஒரு சொல்லுக்காக இத்தனை காலம் வெளிய நின்னான். இன்னைக்குக் கூப்பிட்டேன். அது அவன் காதுல விழலை. விழாதவனைத் தூக்கிட்டு வந்து உள்ள வச்சா, அது அவன் வந்ததா ஆகுமா?"

யாருக்கும் அது விளங்கவில்லை. கிழவருக்குப் புத்தி பிசகிவிட்டது என்றார்கள். பந்தலுக்குக் கீழே கட்டில் போட்டுக் கிடத்தினார்கள். பெண்கள் வாய்விட்டே பேசினார்கள். "கல்லு நெஞ்சு. செத்த பெறகும் படி ஏத்தலையே." நான் ஒருத்தியிடம், "ஐயா காலையிலயே கூப்பிட்டாகம்மா" என்று சொன்னேன். "நீ அவுக உப்பைத் திங்கிறவ. அப்படித்தான் சொல்லுவ" என்றாள். பாய் மட்டும் என் பக்கத்தில் வந்து, "நெசமாவா ஆத்தா? கூப்பிட்டாரா?" என்று கேட்டார். தலையை ஆட்டினேன். அவர் பந்தல் கல்தூணில் முகத்தை வைத்துக்கொண்டார்.

ஐயா நாற்காலியைப் பின்வாசலுக்கு இழுத்துப் போட்டு உட்கார்ந்தாக. கால் நிலைப்படியை ஒட்டி இருந்தது. அங்கன இருந்து பந்தல் நன்றாகத் தெரியும். பெட்டி தெருவுக்குப் போன பிறகுதான் ஐயாவும் முன்வாசல் வழியாகத் தெருவுக்கு வந்தாக. தோள் கொடுக்கிற வயசில்லை. பெட்டியின் ஓரத்தில் கையை வைத்துக்கொண்டே கல்லறை வரைக்கும் நடந்தாக.

கம்பெனி மெஷின்களைப் பாய் வந்து கட்டி அனுப்பிவிட்டார். மருந்தறையில் கட்டிலும் நீலச் சுவரும் இருக்கிறது.

இப்போதும் மத்தியானம் ஐயா இரண்டு இலை போடச் சொல்லுவாக. போட்டதும், "போய்க் கேட்டுட்டு வா" என்பாக. புத்தி பிசகவில்லை. பென்சன், மருந்துச் சீட்டு, பந்தலுக்கு மருந்தடிக்கிற ஆள் என்று மற்ற எல்லாவற்றையும் சரியாகத்தான் பேசுகிறாக. நான் முற்றத்தைத் தாண்டிப் போய் அறை வாசலில் கொஞ்ச நேரம் நிற்பேன். திரும்பி வருவேன். கையில் கொண்டுவர ஒன்றும் இருக்காது. ஐயா சாப்பிடாமல் உட்கார்ந்திருப்பாக. வெகுநேரம் கழித்து நான் தட்டில் பிசைந்து கொண்டுபோய் வைத்தால், நாலு வாய் வாங்குவாக.

பாய் வந்திருந்தபோது சொன்னார்: "ஆத்தா, நீங்களாவது அறுத்து விடுங்க. வரமாட்டேன்னு சொன்னான்னு சொல்லிருங்க. இல்ல, வர்றேன்னு சொன்னான்னு சொல்லுங்க. ஏதோ ஒண்ணு. கெழவரு அழுது முடிச்சுருவாரு."

தம்பி சொல்லாத சொல்லை நான் எப்படிக் கொண்டுபோவது. ஆனால் நடந்ததைச் சொல்லலாம் அல்லவா. செத்துட்டோம்னா ஆளில்லைன்னு பதில் போயிரும், கேட்டவன் எந்திரிச்சுப் போயிருவான் என்று தம்பியே சொல்லியிருக்கிறது. நேற்று மத்தியானம் அறை வாசலில் நின்றுவிட்டு வந்து, மனசைத் திடப்படுத்திக்கொண்டு ஐயா முன்னால் நின்றேன்.

"என்ன சொன்னான்?"

"அங்கன தம்பி இல்லய்யா. தம்பி செத்துப் போச்சு."

ஐயா என்னை நிமிர்ந்து பார்த்தாக. கண் தெளிவாகத்தான் இருந்தது.

"அது எனக்குத் தெரியும்த்தா. நான் கேட்டதுக்கு என்ன சொன்னான்?"

எதிர் இலையில் தண்ணீர் காய்ந்திருந்தது. கொஞ்சம் தெளித்துவிட்டு, மறுபடி முற்றத்தில் இறங்கினேன்.